பிள்ளைங்க சொத்து பெட்ரோலுக்கு!

காருக்குப் பின்னாடி ஒரு குட்டி வீடு. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் டேங்க். ஸ்டியரிங்கில் ஒரு தாத்தா, பக்கத்து சீட்டில் மேப்போடு ஒரு பாட்டி. ஜூன், ஜூலையில் ஆஸ்திரேலிய ஹைவே ஓரம் நின்னீங்கன்னா இந்த சீன் வரிசையா வரும். அங்கே அப்போ குளிர்காலம். தெற்கே நடுங்கறதுக்கு பதிலா வடக்கே வெயில் காய கிளம்பிடறாங்க. அந்த ஊர்க்காரங்க வெச்ச பேர், 'கிரே நோமாட்ஸ்'. நரைமுடி நாடோடிகள்!

கண்டத்தையே ஒரு ரவுண்டு வரும் 'ஹைவே ஒன்' சுமார் 14,500 கி.மீ. ரிட்டயர்மென்ட் பணத்தில் கேரவன் வாங்கி, மாசக்கணக்கில் இதிலேயே சுத்தறாங்க. சிலர் வீட்டையே வித்துட்டுக் கிளம்பிடறாங்க. கேட்டா, 'பிள்ளைங்க சொத்தை செலவு பண்றோம்'னு ஜோக் வேற. (இதை உங்க வீட்டில் யாரும் படிக்காம பார்த்துக்கங்க!)

ரூட்டிலேயே செம பகுதி, நல்லார்பர் சமவெளி. லத்தீனில் 'மரமே இல்லை'ன்னு அர்த்தம். இங்கே ஒரு இடத்தில் ரோடு 146.6 கி.மீ. தூரத்துக்கு வளைவே இல்லாம நேரா போகுது. லாரிக்காரங்க விருட்டுனு கடந்துடுவாங்க. நம்ம ஜோடிகளுக்கு என்ன அவசரம்? 'ஹெட் ஆஃப் பைட்'டில் வண்டியை ஓரங்கட்டி, குட்டியோட நீந்தற திமிங்கிலத்தை நாள் பூரா பார்க்கறாங்க. மேற்கே எல்லையைத் தாண்டினா செக்போஸ்ட்டில் பழம், காய்கறி, தேன் எல்லாத்தையும் பறிச்சுடுவாங்க. அதனால முந்தின ராத்திரி கேம்ப்பில் மிச்சம் மீதி எல்லாம் சேர்ந்து ஒரே சூப்!

பொழுது சாயறதுக்குள்ளே வண்டியை நிறுத்திடணும். இருட்டினா கங்காரு குறுக்கே பாயும். மடக்கு நாற்காலி விரிச்சதும் பக்கத்து கேரவன்காரங்க வந்து உட்கார, அரட்டை ஆரம்பம். எந்த பங்க்கில் டீசல் மலிவு, யாருக்கு எந்த முட்டியில் வலி...

முட்டி வலின்னா பரவாயில்லை. நெஞ்சு வலி வந்தா? சிடூனாவிலிருந்து நார்ஸ்மன் வரைக்கும் சுமார் 1,200 கி.மீ. நடுவில் பெட்ரோலும் சாப்பாடும் ரூமும் தரும் ரோட்ஹவுஸ்கள்தான். பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. பறக்கும் டாக்டர்கள் விமானம் இறங்க, ஹைவேயிலேயே சில இடங்களில் ரன்வே கோடு போட்டு வெச்சிருக்காங்க. ஆனா அதுவரைக்கும் வண்டியை ஓட்டறது யாரு?

'அவர் பார்த்துப்பார்'னு வாழ்நாள் பூரா பக்கத்து சீட்டிலேயே இருந்த பாட்டிகள் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கறாங்க. அதனால கேரவன் இழுக்கக் கத்துத் தர்ற டிரெய்னிங் கிளாஸுக்கு இப்போ ஜோடியாவே போறாங்க. நேரா போறது ஈஸி. ரிவர்ஸ்தான் வில்லன்! கேரவனோட பின்பக்கம் இடது பக்கம் போகணும்னா ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்கணும். பழகின கை கேட்குமா?

கேம்ப்பில் யாராவது ரிவர்ஸ் எடுத்தா மத்தவங்களுக்கு அதுதான் ஓசி சினிமா. தாத்தா பின்னாடி நின்னு, 'லெஃப்ட்... லெஃப்ட்... ஐயோ, அந்த லெஃப்ட் இல்லே'ன்னு கையை வீசறார். பாட்டி அவரைப் பார்க்கவே இல்லை. ரெண்டு கண்ணும் சைடு மிரர்லேயே இருக்கு.