எழுதாமல் விட்ட சொல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பை அண்மையில் ஒரு சொல்லைத் தேடியே படித்தேன். ‘அடிமை’ என்பதே அச்சொல். 1787ஆம் ஆண்டிலே பிலடெல்பியா நகரிற் கூடியோர் வரைந்த மூலத்தில் அஃது ஓரிடத்திலேனும் இல்லை.

சொல் இல்லையே தவிர, பொருள் இருக்கின்றது. பிரதிநிதிகளின் தொகையைக் கணிக்கையில், சுதந்திரமுடையோரோடு ‘ஏனையோரில்’ ஐந்தில் மூன்று பங்கினையும் சேர்த்தெண்ண வேண்டுமாம். யார் அந்த ஏனையோர்? வாக்குரிமையற்ற அவர்களின் தலைகளை எண்ணியே தென்பகுதி இராச்சியங்கள் மேலதிக ஆசனங்களைப் பெற்றன. ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவதை 1808க்கு முன் காங்கிரசு தடைசெய்யலாகாது என்கிறது வேறோரிடம். தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமென்று பிறிதோரிடம் பணிக்கின்றது.

மனிதரை உடைமையாகக் கொள்ளலாம் என்னும் எண்ணத்தை அரசியலமைப்பில் ஏற்பது தவறென்று அச்சபையிலே கூறினார் ஜேம்ஸ் மாடிசன். நல்ல வார்த்தைதான். ஆனால், அவரே அடிமைகளை வைத்திருந்த எசமானர்! என்னை இது நெடுநேரம் வருத்திற்று.

1790ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலோ கூச்சம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 39 இலட்சம் மக்களுள் 7 இலட்சம் பேர் அடிமைகளெனத் தனி நிரலிலே எண்ணப்பட்டனர். அவ்வாண்டில் இயற்றிய சட்டம், அந்நியருள் சுதந்திரமுடைய வெள்ளையரே குடியுரிமை பெறலாம் என்றது. அமெரிக்கர் யாரென்பதைப் புதிய குடியரசு அன்றே வரையறுக்கத் தொடங்கிவிட்டது.

‘அடிமைத்தனம்’ என்ற சொல் அரசியலமைப்பில் முதன்முதலாக ஏறியது 1865இல். அதனை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்திலே. அங்கும், குற்றத்துக்குத் தண்டனையாயின் ஆகலாம் என்றொரு விலக்கு உண்டு.