குளிருக்கு அஞ்சும் பெட்டகம்

படைத்துறையினர் தம் மறைமொழிச் செய்திகளின் திறவுகோலை எவ்வாறு காக்கிறார்கள் என்று சாய்ந்தமருதிலிருந்து ஒரு மாணவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். செய்தியை உருமாற்றும் கணித முறைகள் பெரும்பாலும் நூல்களிலேயே அச்சாகியிருக்க, இரகசியம் முழுவதும் திறவுகோலாகிய எண்தொடரிலேயே தங்கியிருப்பதால், யந்திரம் பகைவன் வசமானாலும் அந்த எண்தொடர் அவனுக்கு எட்டாதிருக்க வேண்டுமென்பதே பொறியியலாளரின் முதற் கவலை.

ஆகவே நினைவகச் சில்லைச் சுற்றி மயிரிழை போன்ற மின்கம்பிகளை வலையாகப் பின்னி, அதன்மேல் இறுகும் பிசினை வார்த்துவிடுகிறார்கள். துளையிடுவோன் ஓரிழையை அறுத்தாலும், சிறு மின்கலத்தின் பலத்தில் சதா விழித்திருக்கும் சுற்று அக்கணமே எண்தொடரை அழித்துவிடும்.

இப்பெட்டகம் குளிருக்கும் அஞ்சுகிறது என்பதுதான் என்னைப் பெரிதும் ஆச்சரியப்படுத்துவது. மின்சாரம் நின்றதும் விரைவில் கரைந்துபோக வேண்டிய நினைவகத் தரவுகள், ஐஸில் புதைத்த அறக்குளா கெடாதிருப்பதுபோல, கடுங்குளிரில் அழியாமல் தங்கிவிடுகின்றன. 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியின் சில்லைச் சுமார் −50 பாகை செல்சியஸுக்குக் குளிரவைத்து, மின்சாரமின்றி 10 நிமிடம் விட்டபோது, நூற்றில் ஒரு பங்குகூட அழியவில்லை. இவ்வபாயத்தை முன்னரே உணர்ந்து, 1998இல் அமெரிக்க அரசின் அதியுயர்ந்த நான்காம் தரச் சான்றைப் பெற்ற ஐபிஎம் 4758 என்னும் சாதனம், குளிர் எல்லை மீறியதுமே தன் இரகசியத்தைத் தானே அழித்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டது.

எனினும் மனிதரின் அசிரத்தையை எந்தப் பிசினும் தடுக்காது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபின், அங்கிருந்த பிரித்தானிய மறைமொழிப் பிரிவின் பெரும்பகுதி மொம்பாசாவை அடுத்த கிலிண்டினிக்குப் பெயர்ந்தது. கப்பற் போக்குவரத்துக்கான ஜப்பானிய மறைமொழி ஒன்று அவர்களுக்குப் பிடிபடாதிருந்த வேளையில், செய்தியொன்றில் கப்பலின் இருப்பிடத்தைக் குறிக்க மறந்த ஜப்பானியர், அதனைச் சேர்த்து, அதே திறவுகோலைக் கொண்டே மறுபடியும் அனுப்பினர். இரண்டையும் ஒப்புநோக்கியவர்களுக்கு மறைமொழியின் அமைப்புப் புலனாக, நவம்பருக்குள் அவ்வகைச் செய்திகள் அனைத்தையும் வாசிக்கலாயினர்.

நம் கந்தோர்களிலோ, கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைப்பதும், ஒருவருடையதை நால்வர் பாவிப்பதும் இன்றும் சர்வசாதாரணம். அக்கணினிகளில் இருப்பவை ஏழை எளியோரின் காணி விபரமும் அடையாள அட்டை விபரமும். அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். விலையுயர்ந்த பெட்டகங்களை வாங்குமுன், திறவுகோலைப் பேணும் ஒழுக்கத்தை ஊழியர்க்குப் பயிற்றுவதற்கே அரசு முதலில் செலவிட வேண்டும்.