இரக்கத்துக்குக் கையும் வேண்டும்

செங்கல்பட்டு, 1947. தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போன பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர், மடங்கிப்போன விரல்களோடு நின்ற ஒருவரிடம் தன் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். வலி தாங்க முடியாத அளவுக்குப் பிடி இறுகியது. செத்துப்போன கை என்று எல்லோரும் கைவிட்டதற்குள் நல்ல தசைகள் உயிரோடு இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தொட்டிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரியான தகப்பனார் 1929இல் காய்ச்சலில் இறந்தார். தாய் எவலின் முதுமையிலும் மலை மக்களிடையே உழைத்து 95 வயதில் இறந்தார். மகன் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார்.

ஒருமுறை துருப்பிடித்த பூட்டொன்றை பிராண்டால் திறக்க முடியாதபோது, தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியைத் திருகித் திறந்தான். விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலி போய்விடுவதால் சூடும் வெட்டும் புண்ணும் தெரியாமல் கை தேய்கிறது. இரவில் எலி கடிப்பதுகூட உறைக்காது. அதனால் வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பியதும் உண்டு.

1948 முதல், நன்றாக இருக்கும் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை பிராண்ட் நிமிர்த்தினார். ஆனால் கை சரியாகி ஊர் போனவர்கள் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். வேலை கொடுக்க ஆளில்லை. நிமிர்ந்த கையைப் பார்த்துப் பிச்சை போடவும் ஆளில்லை. அறுவை சிகிச்சையோடு தன் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. 1951இல் ‘நவஜீவ நிலையம்’ தொடங்கி, அவர்களுக்குத் தச்சு வேலை பழக்கினார்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். தன் துன்பத்தோடு அடுத்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் அவர்.

இயேசு தொழுநோயாளியைக் குணமாக்கிய பிறகு தொடவில்லை, முதலில் தொட்டார். நாமோ கிறிஸ்துமஸ் வந்தால் ஏழைகளை வரிசையில் நிறுத்திப் போர்வை கொடுக்கிறோம். அவர்கள் பெயரைக்கூடக் கேட்பதில்லை. கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த மனிதர் தன் கையால் உழைத்துச் சாப்பிடும்வரை கூட இருப்பதுதான் கிறிஸ்தவ இரக்கம்.

உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். ஆறு மாதமோ ஓராண்டோ மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க இடமளித்த பிரிவுகள் 2019இல்தான் சட்டத்திலிருந்து நீங்கின. நம் வீட்டிலிருந்தும் ஆலயத்திலிருந்தும் அந்த விலக்கல் நீங்க வேண்டாமா?

உணர்ச்சியற்ற தேமல் யாருக்காவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப் போங்கள். குணமானவர் ஆலயத்துக்கு வந்தால் பக்கத்தில் உட்காருங்கள், கை கொடுங்கள். உங்கள் கடையிலோ பட்டறையிலோ இடம் இருந்தால் வேலையும் கொடுங்கள்.