மாட்டுப்பண்ணையில் ஓர் ஓபரா

சத்தம் காட்டாமல் என் பின்னாலேயே வாருங்கள். செருப்பில் சேறு அப்பினால் கண்டுகொள்ள வேண்டாம், இது மாட்டுப்பண்ணை. வேல்ஸில் மான்மத் ஊரை ஒட்டிய ராக்ஃபீல்ட். வருடம் 1975, ஆகஸ்ட் மாதக் கடைசி. கிங்ஸ்லி, சார்லஸ் என்ற வார்டு சகோதரர்கள் குடும்பத்துப் பால்பண்ணையை ஸ்டுடியோவாக்கி வைத்திருக்கிறார்கள். பாட வருகிறவர்கள் இங்கேயே தங்கலாம், சாப்பிடலாம், விடிய விடியப் பதிவும் செய்யலாம். இப்போது உள்ளே இருப்பது குயின் என்ற ராக் குழு. பதிவாகிக்கொண்டிருப்பது ‘பொஹீமியன் ராப்சடி’. இன்னும் ஐம்பது வருடத்துக்கு உலகமே கூடிப் பாடப்போகும் பாட்டு என்பது இங்கே ஒருவருக்கும் தெரியாது. நமக்கு மட்டும் தெரியும். எட்டிப் பார்ப்பதன் ருசியே அதில்தானே!

முதலில் இந்தப் பக்க அறை. குதிரைச் சேணங்கள் போட்டு வைக்கிற இடம். பழைய பியானோ ஒன்றும் கிடக்கிறது. குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி இதில் உட்கார்ந்துதான் பாட்டின் மிச்சத்தை முடித்தார் என்பது பண்ணைக்காரர்களின் நினைவு. ஃப்ரெடியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. சான்சிபாரில் பிறந்த பார்சி வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பு நம்ம நாட்டில், மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில். பியானோ கற்றுக்கொண்டதும் அங்கேதான். இந்தப் பாட்டின் நடுவில் திடீரென்று ‘பிஸ்மில்லா’ என்று குரல் எழும்பும்போது லண்டன்காரர்கள் விழிப்பார்கள். நாம் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டோம்.

பாட்டு எழுதிய தாள்களைப் பார்க்க ஆசையா? விமான கம்பெனி அச்சடித்த தாள்! பிரிட்டிஷ் மிட்லண்ட் ஏர்வேஸ் பெயர் போட்ட காகிதங்களில் அடித்தும் திருத்தியும் எழுதியிருக்கிறார். ஒரு தாளைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: தலைப்பில் முதலில் இருந்தது ‘மங்கோலியன் ராப்சடி’. அதன் மேல் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ‘பொஹீமியன்’. நல்லவேளை, அந்தக் கோடு விழுந்தது. இதே தாள்கள் 2023-இல் சோத்பி ஏலத்தில் 13 லட்சம் பவுண்டுக்கு மேல் போயின.

அடுத்தது பதிவு அறை. தயாரிப்பாளர் ராய் தாமஸ் பேக்கருக்கு இந்தப் பாட்டு அறிமுகமானதே வேடிக்கை. லண்டன் வீட்டில் ஃப்ரெடி பியானோவில் முதல் பகுதியை வாசித்துக் காட்டியிருக்கிறார். பாதியில் சட்டென்று நிறுத்தி, “இந்த இடத்தில்தான் ஓபரா வரும்” என்ற தோரணையில், மேலைநாட்டு இசைநாடகம் ஒன்று வரப்போவதுபோல் ஒரு விளக்கம். அவ்வளவுதான், இருவரும் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். பேக்கரும் என்னவோ சின்னதாக ஒரு துணுக்கு என்றுதான் நினைத்தார். நடுவில் அரை நிமிட அளவுக்கு டேப்பைக் காலியாக விட்டு வைத்தார்கள்.

அந்தக் காலியிடம் படும் பாட்டைக் கேளுங்கள். ஃப்ரெடி தினமும் புதுசாக ஒன்றோடு வந்து நிற்பார்: இங்கே இன்னும் சில ‘கலிலியோ’ சேர்க்கணும்! டேப்பை வெட்டு, துண்டு ஒட்டு, மறுபடி பாடு. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் பாட்டுதான். கேட்கிறவருக்கு ஒரு பெரிய கோரஸ் கூட்டமே நிற்பதுபோல் இருக்கும். எண்ணிப் பார்த்தால் மூன்றே பேர். கீழ்க்குரல் கிட்டாரிஸ்ட் பிரையன் மே, நடுக்குரல் ஃப்ரெடி, காதைக் கிழிக்கும் அந்த உச்சஸ்தாயி யார் தெரியுமா? டிரம்மர் ரோஜர் டெய்லர்! பேஸ் கிட்டார் ஜான் டீக்கன் இந்தக் கூத்தில் வாய் திறக்கவில்லை.

டேப்பில் இருப்பது 24 டிராக். குரல்களோ வந்துகொண்டே இருக்கின்றன. கூட்ட நேரத்து டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி, ஏற்கெனவே பாடியதையெல்லாம் நெருக்கி ஒரே டிராக்கில் உட்கார வைத்து, காலியான இடத்தில் அடுத்த குரலை ஏற்றுகிறார் பேக்கர். இப்படிக் குரல்மேல் குரலாகச் சேர்த்தது 180 வரை போனதாகக் கணக்கு. திரும்பத் திரும்ப ஓடி ஓடி, டேப்பின் மேல் பூசிய ஆக்சைடே உதிர்ந்துவிட்டது. விளக்குக்கு எதிரே பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது! சாதாரணமாக அப்போது ஒரு ஆல்பத்துக்கு ஆகிற நேரத்தை ஒரே பாட்டு விழுங்குகிறது. மூன்று வாரம், ராக்ஃபீல்டை விட்டால் இன்னும் சில ஸ்டுடியோக்கள். ஆனால் யார் முகத்திலும் அலுப்பு இல்லை. ஓபரா பகுதி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தபடிதான் பதிவு செய்தோம் என்று பேக்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சிரிப்புக்கு நடுவே ஒரு சில்லறைச் சண்டையும் உண்டு. சிங்கிள் ரெக்கார்டின் பின்பக்கத்தில் தன்னுடைய கார் பாட்டுதான் வரணும் என்று ரோஜர் அடம் பிடித்தார். ஃப்ரெடி சம்மதிக்கும்வரை அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. எப்படியோ காரியம் நடந்தது. முன்பக்கப் பாட்டுக்காக வாங்கினாலும் பின்பக்கத்துப் பாட்டை எழுதினவருக்கும் வருமானத்தில் அதே பங்கு. மற்றவர்கள் பல வருடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பல்லைக் கடித்தார்கள்.

இனி லண்டன், கேப்பிட்டல் ரேடியோ. பாட்டு கிட்டத்தட்ட ஆறு நிமிடம், எந்த ஸ்டேஷனும் போடாது என்று ரெக்கார்டு கம்பெனி கையைப் பிசைகிறது. ஃப்ரெடியின் நண்பரும் இந்த ஸ்டேஷனின் அறிவிப்பாளருமான கென்னி எவரெட் கையில் ஒரு பிரதி கொடுக்கப்படுகிறது, போடக்கூடாது என்ற கண்டிஷனோடு! எவரெட்டிடம் அப்படிச் சொல்வதும், போடு என்று சொல்வதும் ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாக ருசி காட்டி, பிறகு முழுசாகவே அவிழ்த்துவிட்டார். இரண்டு நாளில் 14 தடவை. திங்கட்கிழமை கடைகளில் ஆட்கள், ரெக்கார்டோ இன்னும் வெளியாகவில்லை! அக்டோபர் 31-இல் வெளிவந்தது. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம்.

ஓடிவாருங்கள், நவம்பர் 10, எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோ. டிவியில் வாயசைக்க இந்தப் பாட்டு லாயக்கில்லை. குழுவோ ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்புகிறது. அதனால் இயக்குநர் புரூஸ் கவர்ஸ் ஒரு வீடியோ எடுக்கிறார். சுமார் நாலு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு முகம் பல முகமாகப் பிரிகிற அந்த அதிசயம்? கேமரா முன்னால் பட்டை தீட்டிய ஒரு லென்ஸ், அவ்வளவுதான். முகம் வரிசையாக மங்கி மறைவது? கேமராவை மானிட்டரைப் பார்த்தே திருப்பிவிட்டார்கள்! கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

கச்சேரி மேடையின் பின்புறத்தையும் பார்த்துவிடலாம். மூன்று பேர் 180 பேராக நேரில் பாட முடியுமா? ஓபரா வந்ததும் நால்வரும் நைசாக உள்ளே வந்துவிடுவார்கள். வெளியே டேப்பும் விளக்கும் கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும். உள்ளே வேர்வையும் அவசரமுமாக உடுப்பு மாற்றல். கிட்டார் வெடிக்கும் இடத்தில் புது உடுப்போடு மேடைக்குப் பாய்ச்சல்.

1991-இல் ஃப்ரெடி இறந்தபின் பாட்டு மறுபடி ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. மறுவருடம் ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ படத்தில் ஒரு குட்டிக் காருக்குள் நெருக்கியடித்த நண்பர்கள் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். நடிகர்களுக்குக் கழுத்து வலி மிச்சம். 1976-இல் அமெரிக்காவில் ஒன்பதாம் இடத்தோடு நின்ற பாட்டு, இந்தப் படம் வந்ததும் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. 2017-இல் லண்டன் ஹைட் பார்க்கில் வேறொரு குழுவுக்காகக் காத்திருந்த 65,000 பேர், ஸ்பீக்கரில் இது ஒலித்ததும் கிட்டார் பகுதியைக்கூட விடாமல் பாடித் தீர்த்தார்கள்.

ஏன் என்று கேட்டால், நாம் இந்தச் சேற்று வாசலில் பார்த்ததைத்தான் சொல்வேன். விளையாட்டாக ஆரம்பித்ததை இவர்கள் டேப் தேயும்வரை சிரத்தையாகச் செய்தார்கள். அதனால்தான் கூடச் சேர்ந்து பாடுகிற எவரும் அரைகுறையாகப் பாடுவதில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதையும் மறந்து மூன்று குரலையும் ஒரே தொண்டையில் முயல்கிறார்கள். அடுத்த தடவை அந்த ஓபரா வரும்போது உங்களுக்குச் சிரிப்பு முட்டினால் அடக்காதீர்கள். பாடினவர்களே அடக்கவில்லை.