பெயர் மாறினாலும் தொடருமா கருவி?

டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நொதிகளுக்குப் பேர்போன நிறுவனம். அதே நாட்டின் கிறிஸ்டியன் ஹான்சன், தயிருக்கும் பாலாடைக்கட்டிக்கும் தேவையான நுண்ணுயிர் உறைகளைத் தயாரித்து வந்தது. இரண்டும் இணையப்போவதாக 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2024 ஜனவரியில் இணைப்பு முடிந்து, நோவோனெசிஸ் என்ற பெயரில் இயங்கத் தொடங்கின. போட்டியாளர்களைக் கவனிப்பதற்காக மென்பொருள் வாங்கிய ஒரு நிறுவனத்தை எண்ணிப் பாருங்கள். அந்த மென்பொருள் பழைய பெயர்களை மட்டுமே தேடிக்கொண்டிருந்தால், எதிர்த்தரப்பில் அசைவே இல்லை என்றுதான் சொல்லியிருக்கும்.

இத்தகைய மென்பொருள்கள் உளவு பார்ப்பதில்லை. செய்தி, காப்புரிமை, வேலை விளம்பரம், விலைப்பட்டியல், ஆண்டறிக்கை என்று பொதுவெளியில் கிடப்பதைத்தான் திரட்டுகின்றன. விற்க வருபவர் தனக்குச் சாதகமான உதாரணத்தையே காட்டுவார். வாங்குபவர் தனக்கு விடை தெரிந்த கேள்விகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கான வழியை 1960களிலேயே இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் வகுத்துவிட்டார். விமானவியல் சார்ந்த 1,400 ஆவணங்கள், வரையறுத்த கேள்விகள், எது பொருத்தமான விடை என்று மனிதர்கள் முன்கூட்டியே தந்த தீர்ப்பு: இவற்றைக் கொண்டு தேடல் முறைகளை அவர் சோதித்தார். அதே கணக்கு இங்கேயும் பொருந்தும். கடந்த ஆண்டு நடந்த 20 முக்கிய நிகழ்வுகளைப் பட்டியலிடுங்கள். கருவி 50 எச்சரிக்கைகள் அனுப்பி, அவற்றில் 15 மட்டும் பட்டியலின் வெவ்வேறு நிகழ்வுகளைத் தொட்டிருந்தால், அது பிடித்தது 75 சதவீதம். அனுப்பியதில் உருப்படியானது 30 சதவீதம். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தினமும் குப்பை வந்து விழும் பெட்டியை யாரும் அதிக நாள் திறப்பதில்லை. அப்போது பிடித்த 15ம் வீண்தான்.

இப்படிச் சோதிப்பதற்கான விடைப்பட்டியலைத் தயாரிக்க டென்மார்க்கைப் போல வசதியான இடம் அரிது. அந்நாட்டின் மத்திய நிறுவனப் பதிவேட்டை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எட்டு இலக்க எண் உண்டு. டாங் எனர்ஜி 2017இல் எர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது; 36213728 என்ற எண் மாறவில்லை. இலக்கங்களை வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 110 வரும். இந்தக் கூட்டுத்தொகை 11ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதால், தட்டச்சில் ஓர் இலக்கம் பிழையானால் உடனே தெரிந்துவிடும். பெயரை நம்பும் கருவியைவிட இந்த எண்ணைப் பற்றிக்கொள்ளும் கருவியே மேல்.

இன்னொரு சோதனையும் அவசியம். டென்மார்க்கில் சிறு நிறுவனங்கள் விற்பனைத் தொகையை வெளியிடாமல் மொத்த லாபத்தை மட்டும் காட்டலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் விற்பனையைக் கருவி துல்லியமான எண்ணாகக் காட்டினால், அது பெரும்பாலும் மதிப்பீடுதான். மதிப்பீடு என்று திரையில் குறிப்பிட்டிருக்கிறதா, எதிலிருந்து கணக்கிட்டார்கள் என்று விற்பனையாளரிடம் கேட்டு, மூல ஆவணத்தை அங்கேயே திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.