கிரகணமும் வீட்டுப் பிராணிகளும்

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பகுதிகளில் வளையமாகத் தெரிந்த சூரிய கிரகணம், கடலூரிலும் சிதம்பரத்திலும் பகுதி கிரகணமாகத் தெரிந்தது. காலை 8 மணிக்கு மேல் தொடங்கி, 11 மணி தாண்டித்தான் விலகியது.

நாயும் பூனையும் பொதுவாகச் சூரியனை உற்றுப் பார்ப்பதில்லை. அவற்றை மிரள வைப்பது பெரும்பாலும் கூட்டமும் கூச்சலும்தான். கிரகணம் பார்க்க கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் நாயை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பழகிய இடத்தில் படுக்கட்டும். வெடி, மேளச் சத்தம் கேட்டால் கதவு, ஜன்னலைச் சாத்துங்கள். கிரகணம் என்று பட்டினி போட வேண்டாம். வழக்கமான நேரத்தில் தீனியும் தண்ணீரும் வையுங்கள். ஆடு, மாடுகளுக்கும் இதேதான்.

2031 மே 21 அன்று தமிழகத்தில் மீண்டும் வளையக் கிரகணம். அன்றைக்கும் வாயில்லா ஜீவன்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்!