நொய்யல் கற்பித்த கணக்கு

உழைப்பு, மூலதனம், மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு தொழிற்சாலை எவ்வளவு பொருளை உருவாக்குகிறது என்பதே அதன் உற்பத்தித்திறன் எனப்படும். இக்கணக்கில் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் பொதுவாக இடமில்லை. அவ்வாறு விடுபடும் செலவு எங்குச் சென்று சேரும் என்பதற்குத் திருப்பூர் ஒரு சான்றாகும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல், கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகப் பாய்ந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. அதன் கரையில் பின்னலாடைத் தொழில் செழித்தபோது சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு இன்றியமையாதது. நீரில் பருத்தி இழையும் சாயமும் எதிர்மின் தன்மை பெற்று ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தைக் குறைத்து, சாயம் இழையில் படிய உதவும். ஆனால், உப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடும். வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. இதனால், பாசனத்திற்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. கிணற்று நீர் உவர்த்தது. வயல்கள் விளைச்சலை இழந்தன. பட்டறையின் கணக்கில் வாராத செலவை உழவர் ஏற்றனர்.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஆற்றில் கழிவுநீரே கலவாத முறையைப் பின்பற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை 2009இல் உச்சநீதிமன்றம் இவ்வழக்கில் உறுதிப்படுத்தியது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர், ஏற்றுமதி தடுமாறியது. கட்டுப்பாடு உற்பத்தித்திறனைக் குறைக்கும் என்போர் இக்காலத்தையே சுட்டுவர்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையால் நன்னீர் பிரிக்கப்பட்டது. எஞ்சிய உவர்நீர் மீண்டும் சாயமேற்றப் பயன்பட்டது. அல்லது ஆவியாக்கப்பட்டு உப்பாக மீட்கப்பட்டது. நீரையும் உப்பையும் மீட்கச் செலவாகும் என்பதால், குறைந்த நீரில் சாயமேற்றும் இயந்திரங்களைப் பட்டறைகள் நாடின. முன்பு கழிவாகப் போனது மூலப்பொருளாகத் திரும்பியது.

நன்கு வகுக்கப்பட்ட கட்டுப்பாடு புத்தாக்கத்தைத் தூண்டி, தன் செலவின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ ஈடுசெய்யக்கூடும் என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1990களில் முன்வைத்தார். திருப்பூர் அக்கருத்துக்கு முழுச் சான்றன்று. ஆவியாக்கலுக்கு எரிபொருளும் சவ்வுகளுக்கு மின்சாரமும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. இச்சுமையைப் பெரிய நிறுவனங்கள் தாங்கும் அளவுக்குச் சிறு பட்டறைகளால் தாங்க இயலாது. ஓரிடத்தில் மட்டும் விதி கடுமையானால், தொழிலும் மாசும் விதி தளர்ந்த வேறிடத்திற்குப் பெயரும். ஆகவே, விதியுடன் போதிய கால அவகாசமும் கடனுதவியும் எங்கும் ஒரே சீரான கண்காணிப்பும் வேண்டும்.

கட்டுப்பாடு புதியதொரு செலவை உண்டாக்குவதாகத் தோன்றும். உண்மையில், ஆற்றின்மீதும் உழவர்மீதும் சுமத்தப்பட்டிருந்த பழைய செலவையே அது உரியவர் கணக்கில் சேர்க்கிறது. அச்செலவையும் கழித்த பின்னர் எஞ்சுவதே ஒரு தொழிலின் மெய்யான உற்பத்தித்திறன் ஆகும்.